பௌபஜார் தெரு, 210: அந்தக் கதவு யாருக்குத் திறந்தது?

பிப்ரவரி 28 வந்தா பள்ளிக்கூடத்துல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். தேசிய அறிவியல் தினம். தெர்மாகோல் எரிமலை, அட்டையில ஒட்டின சூரியக் குடும்பம், அப்புறம் மைக் முன்னாடி மூணு நிமிஷப் பேச்சு. நானும் ஏழாம் வகுப்புல பேசினேன். "சர் சி.வி. ராமன் அவர்கள் 1888-ஆம் ஆண்டு" என்று ஆரம்பித்து, 1930-ல் நோபல் பரிசு என்று முடித்தேன். நடுவுல யாராவது கையைத் தூக்கி, ராமன் விளைவுன்னா என்னப்பான்னு கேட்டிருந்தா அங்கேயே அழுதிருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கலை. ஒரு டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்து அனுப்பிட்டாங்க.

அந்தப் பேச்சுல நான் சொல்லாத இன்னொரு விஷயம், ராமன் அந்தக் கண்டுபிடிப்பைச் செய்த இடம். அது அரசாங்க ஆய்வகம் இல்லை. பல்கலைக்கழகக் கட்டடமும் இல்லை. கல்கத்தாவில் பௌபஜார் தெருவில் 210-ஆம் எண் கட்டடம். பொதுமக்களுக்கும் மாணவர்களுக்கும் அன்றைய அறிவியலைச் சொல்லிக் கொடுக்க ஒரு டாக்டர் ஊரெல்லாம் நன்கொடை வசூல் பண்ணி உருவாக்கின நிறுவனம். ராமன் உள்ளே நுழைந்தபோது அந்த டாக்டர் உயிரோடு இல்லை. தன் முயற்சி தோற்றுப்போச்சு என்ற நினைப்போடயே போய்ச் சேர்ந்தவர் அவர். இன்றைய எபிசோட் அவரிடமிருந்து தொடங்குகிறது.

பெயர் மகேந்திரலால் சர்க்கார். 1833-ல் ஹௌரா பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். சின்ன வயசுலயே அப்பா, அம்மா இரண்டு பேரையும் இழந்து, கல்கத்தாவில் தாய்மாமன்கள் வீட்டில் வளர்ந்தார். ஹேர் பள்ளி, இந்து கல்லூரி, பிறகு கல்கத்தா மருத்துவக் கல்லூரி. 1863-ல் எம்.டி. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் வாங்கிய இரண்டாவது ஆள். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் வங்கக் கிளையில் பதவி, பெரிய மனிதர்கள் வீட்டு வைத்தியர் என்ற பெயர், நல்ல வருமானம். எல்லாம் இருந்தது.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான இடம். அதை மறைச்சுட்டுப் போக முடியாது. ஹோமியோபதியை மேடை போட்டுக் கிண்டல் செய்தவர் சர்க்கார். அதைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கு மதிப்புரை எழுதும் வேலை வந்தபோது, படித்துவிட்டு மட்டும் எழுதக் கூடாது, நோயாளிகளை நேரில் பார்க்கணும்னு சொல்லி, கல்கத்தாவில் ஹோமியோபதி செய்துவந்த ஒருவரிடம் போய் உட்கார்ந்தார். பார்த்தார், நம்பிவிட்டார். 1867-ல் அதே மருத்துவச் சங்கத்தின் மேடையில் ஏறி அதைச் சொன்னார். சங்கம் அவரை ஒதுக்கியது. நோயாளிகளும் குறைந்தார்கள். இன்றைக்கு நமக்குக் கிடைக்கும் ஆதாரங்களை வைத்துப் பார்த்தால், ஹோமியோபதி விஷயத்தில் அவர் வந்து சேர்ந்த முடிவு தப்பு. சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் பேசணும்னு நினைச்சது சரி. ஆனா ஒழுங்கான ஒப்பீடு இல்லாமல், சில நோயாளிகள் குணமானதைப் பார்த்து மட்டும் முடிவு கட்டினால் இப்படித்தான் ஆகும். தன் காலத்தில் இந்திய அறிவியலுக்காக அதிகம் ஓடிய மனிதர் ஒருவர் இந்தக் குழியில் விழுந்தார் என்பதும் வரலாறுதான்.

1868-ல் அவர் சொந்தமாக ஒரு மருத்துவ இதழ் தொடங்கினார். அடுத்த வருஷம் அதில் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியர்கள் தாங்களே அறிவியல் செய்ய ஒரு தேசிய நிறுவனம் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 'படிக்க' என்று சொல்லவில்லை, 'செய்ய' என்றார். அன்றைய கல்லூரிகளில் அறிவியல் என்றால் பாடப்புத்தகம். ஐரோப்பாவில் போன வருஷம் என்ன கண்டுபிடித்தார்கள் என்பது இங்கே வந்து சேரவே காலம் ஆகும். வந்தாலும், அதைச் செய்து பார்க்க ஒரு கருவி கிடையாது.

அவர் மனசில் இருந்த மாதிரி, லண்டனில் 1799-ல் தொடங்கிய ராயல் இன்ஸ்டிட்யூஷன். கீழே ஆய்வகம், மேலே உரை அரங்கம். இந்த வாரம் ஆய்வகத்தில் செய்ததை அடுத்த வாரம் அரங்கில் பொதுமக்கள் முன்னால் செய்து காட்டுவார்கள். 1812-ல் அந்த அரங்கின் மாடத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். கொல்லர் மகன், புத்தகம் பைண்டிங் பண்ற கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தவன். கடை வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில் உள்ளே வந்து, ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அதைத் தானே பைண்டு பண்ணி டேவிக்கே அனுப்பி வைத்தான். அடுத்த வருஷம் அங்கேயே உதவியாளர் வேலை கிடைத்தது. பேர் மைக்கேல் ஃபாரடே. இன்றைக்கு நம்ம வீட்டுக்கு வர்ற கரண்ட் அனல் நிலையத்திலிருந்தோ, அணையிலிருந்தோ, காற்றாலையிலிருந்தோ வந்தால், அது 1831-ல் அவர் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் வழியாகத்தான் வருகிறது. அதே கட்டடத்தில் 1825-ல் இளம் வயதினருக்கான கிறிஸ்துமஸ் உரைகள் தொடங்கின. ஃபாரடே மட்டும் 19 முறை அந்த உரைத்தொடரை நடத்தினார். ஒரு டிக்கெட் என்னவெல்லாம் செய்யும் பாருங்க.

சர்க்காருக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். இதே மாதிரி ஒன்று கல்கத்தாவில் வேண்டும், ஆனால் அதன் நிர்வாகம் முழுக்க இந்தியர் கையில் இருக்க வேண்டும் என்றார். பேரு சர்க்கார், ஆனா சர்க்கார் கையில நிறுவனம் இருக்கக் கூடாதுன்னு சொன்னவர்.

பணம் சேர்க்க ஆறு, ஏழு வருஷம் ஆனது. ஈஸ்வர சந்திர வித்யாசாகர் கூட நின்றார். ஜமீன்தார்கள் சிலர் கொடுத்தார்கள், பலர் கொடுக்கவில்லை. நடுவில் ஒரு சண்டையும் வந்தது. அதுதான் எனக்கு இந்தக் கதையில் ரொம்ப முக்கியமான இடம்.

கல்கத்தாவில் அப்போது இந்தியன் லீக் என்று ஓர் அமைப்பு. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: நாடு ஏழை, பஞ்சம் மாற்றிப் பஞ்சம் வருது, இங்க எதுக்கு ஒளியியலும் காந்தவியலும்? அந்தப் பணத்துல ஒரு தொழில்நுட்பப் பள்ளி கட்டுங்க, பசங்க கைத்தொழில் கத்துக்கட்டும், வயிறு நிறையும். சர்க்காரும், அவருக்குத் துணையாக நின்ற ஃபாதர் லஃபோன்ட் என்ற பெல்ஜியப் பாதிரியாரும் இதற்கு ஒப்பவில்லை. அடிப்படை அறிவியலை விட்டுவிட்டுத் தொழில் மட்டும் கற்றால், வேறு யாரோ கண்டுபிடித்த இயந்திரத்தை வேறு யாரோ மேற்பார்வை பார்க்க, காலத்துக்கும் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்பது அவர்கள் வாதம்.

யார் சொன்னது சரி? 1876-ல் உட்கார்ந்து யோசிச்சா, நான் ஒருவேளை லீக் பக்கம்தான் நின்றிருப்பேன். பசிக்கிறவன் முன்னாடி நிறமாலையைப் பற்றிப் பேச தைரியம் வேணும். இன்றைக்கும் மங்கள்யானுக்குச் செலவு செய்தபோது இதே கேள்விதானே வந்தது. இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாது. இதற்கு இந்தக் கட்டடத்தில் ஒரு பதில் கிடைக்க அரை நூற்றாண்டுக்கும் மேலே ஆனது.

சர்க்கார் தரப்பு ஜெயித்தது. 1876 ஜூலை 29 அன்று இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. லஃபோன்ட் ஒரு பிறவி மேடைக் கலைஞர். செயின்ட் சேவியர் கல்லூரியில் வானிலை ஆய்வகம் அமைத்தவர். கருவிகளை வைத்து அரங்கத்தில் செய்து காட்டியே சொல்லிக் கொடுப்பார். அவரிடம் படித்த பையன்களில் ஒருவர் ஜகதீஷ் சந்திர போஸ். பின்னாளில் போஸே இந்தக் கழகத்தில் வந்து வகுப்பெடுத்தார். அசுதோஷ் முகர்ஜி கணிதம் நடத்தினார். சர்க்காரும் உடம்பு முடியாத நாளில்கூட வந்து பேசினார். ஐரோப்பாவில் அந்தந்தக் காலத்தில் பேசப்பட்ட விஷயங்களைக் கல்லூரி மாணவர்கள் மாலையில் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். நல்ல விஷயம்தான்.

ஆனால் ஆராய்ச்சி நடக்கவில்லை. விஜயநகரம் மகாராஜா கொடுத்த பணத்தில் ஓர் ஆய்வகம் எழும்பியது, கருவிகளும் வந்தன. முழுநேரமாக உட்கார்ந்து வேலை செய்ய ஆள் இல்லை. அப்படி ஓர் ஆளை நியமிக்கச் சம்பளத்துக்கு நிதி இல்லை. பேராசிரியர் பதவிகளுக்கு நிதி கேட்டு வருஷா வருஷம் ஆண்டுக் கூட்டத்தில் சர்க்கார் பேசினார். கைதட்டல் கிடைத்தது, காசு கிடைக்கவில்லை. கடைசிக் காலத்தில் அவர் கசந்துபோய்விட்டார். இதற்குச் செலவிட்ட நேரத்தை என் தொழிலுக்குச் செலவிட்டிருக்கலாம் என்று புலம்பும் அளவுக்கு. 1904 பிப்ரவரியில் இறந்தார். அரங்கத்தில் உரைகள் ஓரளவு நடந்தன. ஆய்வகத்துக் கருவிகள் அப்படியே கிடந்தன.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினா, அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டுபோவது வீண் வேலைன்னு ஒரு முடிவுக்கு வரலாம். 28 வருஷம் உரை நடத்தியும் ஓர் ஆராய்ச்சியாளர் உருவாகவில்லையேன்னு கேட்கலாம்.

சரி, இப்ப கொஞ்சம் தெற்கே வருவோம். திருவானைக்காவலில் பிறந்து, அப்பா வேலை பார்த்த விசாகப்பட்டினத்தில் வளர்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஒரு பையன். 1906-ல், 18 வயதில், லண்டனிலிருந்து வரும் ஃபிலசாஃபிக்கல் மேகஸின் இதழில் ஒளியைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியிட்டுவிட்டான். இன்றைக்கு என்றால் நேராக வெளிநாடு. அன்றைக்கும் அதுதான் ஒரே வழி. ஆனால் இங்கிலாந்துக் குளிரை இந்த உடம்பு தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உள்ளூரில் இந்தியனுக்கு ஆராய்ச்சி வேலை என்று ஒன்று கிடையாது. ஆகவே நிதித்துறைத் தேர்வு எழுதி, முதலிடம் வந்து, 1907-ல் கல்கத்தாவில் துணைக் கணக்காயராகப் பதவியேற்றார் ராமன். கல்யாணமும் ஆகியிருந்தது, மனைவி லோகசுந்தரி. நல்ல சம்பளம், நல்ல மரியாதை. கதை இங்கேயே முடிஞ்சிருக்கணும். நம்ம குடும்பங்கள்ல இப்படி முடிஞ்ச கதைகள் எத்தனை!

ஒருநாள் டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் அங்கே வேலை பார்த்த அசுதோஷ் டே. எல்லோருக்கும் ஆஷு பாபு. உள்ளே அழைத்துப் போய், கழகத்தின் செயலாளரிடம் விட்டார். அந்தச் செயலாளர், மகேந்திரலாலின் மகன் அமிர்தலால் சர்க்கார். ஓய்வு நேரத்தில் இங்கே ஆராய்ச்சி செய்துகொள்ளலாமா என்று கேட்டார் ராமன். அப்பா வாழ்க்கை முழுக்கக் காத்திருந்த கேள்வி, மூணு வருஷம் தாமதமாக வந்து மகன் முன்னால் நின்றது. சாவியே கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ராமனின் நாள் எப்படி இருந்தது என்று பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும். காலை ஐந்தரைக்கு ஆய்வகம். ஒன்பதே முக்காலுக்கு வீடு, அவசரமாகக் குளியல், சாப்பாடு, அலுவலகம். மாலை ஐந்துக்கு அலுவலகத்திலிருந்து நேராக ஆய்வகம், இரவு ஒன்பதரை, பத்து வரை. இடையில் ரங்கூன், நாக்பூர் மாற்றல் வேற. திரும்பி வந்ததும் மறுபடி அதே ஓட்டம். உதவிக்கு இருந்தது ஆஷு பாபு. கல்லூரி வாசலை மிதிக்காத அந்த மனிதரின் பெயர் தாங்கிய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. ராமன் பாடப்புத்தகத்தில் வருகிறார், ஆஷு பாபு வரவில்லை. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ராமன் அங்கே வீணையையும் தம்புராவையும் மிருதங்கத்தையும் எடுத்துவைத்து, அந்த ஒலி எப்படிப் பிறக்கிறது என்று ஆராய்ந்தார். பொதுமக்களுக்கான உரைகளையும் தொடர்ந்தார். 1917-ல் நிதித்துறையை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். ஆய்வகம் மட்டும் அதே பௌபஜார். 1921-ல் இங்கிலாந்து போய்க் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நிறம் கடலில் தெரிவதால்தான் அந்த நீலம் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். கையில் இருந்த ஒரு சின்ன நிக்கல் பட்டகத்தால் வானத்தின் பிரதிபலிப்பை மறைத்துப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது. அங்கிருந்து தொடங்கிய வேலை, 1928 பிப்ரவரி 28 அன்று, வத்திராயிருப்பிலிருந்து வந்த கே.எஸ். கிருஷ்ணனின் துணையோடு முடிந்தது.

இப்ப, ஏழாம் வகுப்புல என்கிட்ட யாரும் கேட்காத கேள்வி. ராமன் விளைவு என்றால் என்ன? ஒரே நிறம் கொண்ட ஒளியை ஒரு பொருளுக்குள் அனுப்புகிறோம். சிதறி வரும் ஒளியில் கிட்டத்தட்ட எல்லாமே போன நிறத்திலேயே வரும். ஆனால் கோடியில் ஒன்று என்ற அளவில், மிகச் சிறிய ஒரு பங்கு மட்டும் நிறம் மாறி வரும். ஏனென்றால் அது உள்ளே இருக்கும் மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு வருகிறது, அல்லது வாங்கிக்கொண்டு வருகிறது. ஏலக்காய் மண்டி வழியா நடந்து வந்தவன் சட்டையில ஏலக்காய் வாசம், மீன் மார்க்கெட் வழியா வந்தவன்கிட்ட மீன் வாசம். அவன் சொல்லவே வேண்டாம், எங்க போயிட்டு வந்தான்னு நமக்குத் தெரியும். அதே மாதிரி, மாறி வந்த நிறங்களைப் பார்த்தால் ஒளி எந்த மூலக்கூறைத் தொட்டுவிட்டு வந்தது என்று தெரிந்துவிடும்.

பதினேழு நாள் கழித்து, மார்ச் 16 அன்று, பெங்களூரில் தென்னிந்திய அறிவியல் சங்கத்தின் கூட்டத்தில் இதை விளக்கி உரையாற்றினார் ராமன். அன்றைய உலகத்தின் ஆகப் புதிய ஆராய்ச்சி, சுடச்சுட, ஒரு அரங்கத்தில். மகேந்திரலால் கேட்டது இதைத்தான்.

இதனால் என்ன பயன் என்று 1928-ல் அந்த இந்தியன் லீக் ஆள் ஒருவர் எழுந்து கேட்டிருந்தால், மூலக்கூறுகளின் அமைப்பை ஆராயலாம் என்று வேதியியலாளர்கள் சொல்லியிருப்பார்கள். அதற்கு மேலே பெரிதாகச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. அந்த மங்கலான ஒளியைப் படம் பிடிக்கவே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1960-ல் லேசர் வந்தது, எல்லாம் மாறியது. இன்றைக்குக் கையில் பிடிக்கிற அளவில் ராமன் கருவிகள் இருக்கின்றன. சுங்க அதிகாரி ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரிக்காமலே, உள்ளே இருக்கும் வெள்ளைத் தூள் போதைப்பொருளா, சமையல் சோடாவா என்று சில நொடியில் பார்க்கிறார். மருந்துத் தொழிற்சாலையில் வந்திறங்கும் மூலப்பொருள் லேபிளில் எழுதியிருப்பதுதானா என்று சரிபார்க்கிறார்கள். போலி மாத்திரையைப் பிடிக்கிறார்கள். 2021-ல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி, அங்கே பாறைகளில் என்ன இருக்கிறது என்று இதே முறையில் பார்க்கிறது.

இத்தோட முடிச்சிருந்தா நல்ல நிறைவா இருக்கும். ஆனா ஒரு பாக்கி இருக்கு.

1933-ல் ராமன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராகப் போனார். அதே வருஷம் பம்பாய் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. முதலிடத்தில் தேறிய கமலா பாக்வத் அங்கே சேர விண்ணப்பித்தார். அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் படித்த இடம் அது. பதில் வந்தது: பெண் என்பதால் இடமில்லை. முடிவு இயக்குநருடையது.

யோசிச்சுப் பாருங்க. ஊர் தெரியாத, பேர் தெரியாத ஒரு குமாஸ்தா மாதிரி வந்து நின்றவருக்கு, எந்தத் தகுதியும் கேட்காமல் பௌபஜாரில் கதவு திறந்தது. அவர் கையில் சாவி வந்தபோது, கதவைத் தட்டிய பெண்ணுக்குத் திறக்கவில்லை.

கமலா விடவில்லை. காரணம் சொல்லுங்கள் என்று இயக்குநர் அறைக்கே போய் நின்றார். கடைசியில் நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார்கள். முதல் வருஷம் முறையான மாணவியாகக் கணக்கில் இல்லை. வேலையைப் பார்த்துத் திருப்தி வந்தால்தான் மேலே. வழிகாட்டி சொல்லும் நேரமெல்லாம் வேலை செய்ய வேண்டும். அவர் இருப்பதால் ஆண் ஆராய்ச்சியாளர்களின் கவனம் கெடக் கூடாது. கமலா ஒப்புக்கொண்டு சேர்ந்தார், ஒரு வருஷத்தில் ராமனுக்கு மறுத்துப் பேச எதுவும் இல்லாமல் செய்தார். அதற்குப் பிறகுதான் அங்கே மற்றப் பெண்களுக்கும் இடம் கிடைத்தது. அந்த அவமானத்தை மட்டும் அவர் மறக்கவில்லை. முதுமையிலும் அதை மேடையில் வெளிப்படையாகவே சொன்னார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான். பெரிய மனிதர், நோபல் வாங்கியவர், போகட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை.

கமலா கேம்பிரிட்ஜ் போனார். உருளைக்கிழங்கை வைத்து ஆராய்ந்து, உயிரணு சுவாசத்தில் பங்குபெறும் சைட்டோகுரோம் சி என்ற புரதம் தாவரங்களிலும் இருக்கிறது என்று காட்டி, 1939-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். திருமணத்துக்குப் பிறகு கமலா சோஹோனி. பம்பாயில் அறிவியல் கல்லூரியில் வேலை பார்த்தபோது, குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் கேட்டுக்கொண்டதால், நீராவை ஆராய எடுத்தார். நீரா என்றால் பனையிலிருந்து இறக்கும் புளிக்காத சாறு. நம்ம ஊர்ல சுண்ணாம்பு தடவின கலயத்தில் இறக்கினால் அதுதான் பதநீர். அதில் இரும்புச்சத்தும் வைட்டமின்களும் எவ்வளவு இருக்கின்றன, காய்ச்சி வெல்லமாக்கினால் என்ன மிஞ்சுகிறது என்று அளந்தார். ஊட்டச்சத்துக் குறைந்த பழங்குடிப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுத்துப் பார்த்ததில் உடல்நிலை தேறியது. அந்த ஆராய்ச்சிக்குக் குடியரசுத் தலைவர் விருது கிடைத்தது.

ராமன் பக்கம் இன்னொரு காட்சியும் உண்டு. 1968 டிசம்பர் 22, அகமதாபாத். அவரிடம் பெங்களூரில் ஆராய்ச்சி செய்த விக்ரம் சாராபாய், மாணவர்கள் தாங்களே செய்து பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு சமூக அறிவியல் மையத்தை உருவாக்குகிறார். அதற்கு அடிக்கல் நாட்டிப் பேச வந்த ராமனுக்கு வயது 80. எடுத்துக்கொண்ட தலைப்பு, வானம் ஏன் நீலமாக இருக்கிறது.

அடுத்த எபிசோட்ல, ராமனோட பெங்களூரு ஆய்வகத்துல வைரங்களோட ஒளியை ஆராய்ந்த அன்னா மணி. வானிலைத் துறைக்குப் போய் மழைமானியிலிருந்து காற்றுமானி வரைக்கும் இந்தியாவிலேயே செய்ய வைத்தவர். சந்திப்போம்.